சாமானோடயா, சாமான் இல்லாமயா?

டெவென்டர்
13 ஜனவரி 2019

அன்புள்ள பெரெண்ட்,

ஒரு சக்கரம் எவ்வளவு எடை தாங்க வேண்டும்? நேற்று சைக்கிள் கடையில் ஹில்டே என்னிடம் இதைக் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு ராத்திரி தூங்கி எழுந்த பிறகும் தெரியவில்லை. எந்தக் கரை எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்று நீர் வாரியத்தில் கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்குகிறவள் என்பதால் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

விஷயம் இதுதான். என் சைக்கிளுக்கு இரண்டாவதாக ஒரு ஜோடிச் சக்கரம் வேண்டும், லேசானதாக. நீ கட்டிக்கொடுத்தவற்றில் குறை ஒன்றும் இல்லை. இதுவரை ஒரு கம்பிகூட அறுந்ததில்லை. ஆனால் அவை கூடாரமும் அடுப்பும் நாலு பையும் சுமப்பதற்காகக் கட்டியவை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐசெல் ஆற்றங்கரையோடு சும்மா ஒரு சுற்றுப் போய்வர அவற்றை உருட்டும்போது, பயணிகள் இல்லாத பேருந்தை ஓட்டுவதுபோல இருக்கிறது. மே மாதம் எனக்கு நாற்பத்தொன்பது முடிகிறது. காலிப் பேருந்து ஓட்ட இனி விருப்பமில்லை.

ஹில்டே உன்னையும் என்னையும் தெரிந்தவள், அதனால் சுற்றி வளைக்கவில்லை.

"எடை சொல்லுங்க, அதுக்குத் தகுந்த மாதிரிதான் கம்பி போடணும். சாமானோடயா, சாமான் இல்லாமயா?"

"சாமான் இல்லாம."

"அப்போ இந்த வருஷம் கூடாரம் கிடையாதா?"

"கூடாரம் டெர்முன்டென்ல இருக்கு."

"கூடாரம் மட்டும்தானா அங்க இருக்கு?"

கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். கேட்கிறவர்களிடமெல்லாம் என் கணவர் டெர்முன்டெனில் அவருடைய அப்பா விட்டுப்போன வீட்டைப் பழுதுபார்க்கப் போயிருக்கிறார் என்றுதான் சொல்லி வருகிறேன். நீ கிளம்பிய அக்டோபரில் அது நம்பும்படி இருந்தது.

அதனால் உன்னைக் கேட்கிறேன். என் ஃபிரேம் உனக்குத் தெரியும். ரிம் பழையதன் அகலத்திலேயே இருந்தால், சக்கரத்தை மாற்றும்போதெல்லாம் பிரேக்கைத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். சரிதானா? எத்தனை கம்பி?

ஃபோனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் சண்டைக்குப் போய்விடுகிறோம், எழுதிக்கொள்வோம் என்று சொன்னது நீ. எழுதிவிட்டேன். இதில் வேறு அர்த்தம் தேடாதே. கூரை வேலை முடிந்ததா? இந்தக் குளிருக்கு அந்தக் கணப்பு போதுகிறதா?

மார்லேன்


டெர்முன்டென்
19 ஜனவரி 2019

அன்பு மார்லேன்,

வேறு அர்த்தம் தேடாதே என்று எழுதினால் நான் தேடாமல் இருப்பேனா? இரண்டு நாள் தேடினேன். பிறகு கூரை ஏறி மிச்ச ஓடுகளையும் அடுக்கி முடித்தேன். கணப்பு புகைகிறது. கடல் பக்கத்துக் காற்று வீசும்போது ஜன்னலைத் திறந்துவைத்துக் குளிர்காய வேண்டியிருக்கிறது.

முதலில் சக்கரம். ரிம் அகலத்தைப் பற்றி நீ சொல்வது சரி. கம்பி எத்தனை என்பதை எடை தெரியாமல் சொல்ல மாட்டேன், ஹில்டே கேட்டது நியாயம். அதைவிடப் பெரிய ஒன்றை நீ கேட்கவில்லை. டைனமோ வேண்டுமா? உன் பழைய முன்சக்கரத்தில் அது நடு ஹப்பிலேயே இருக்கிறது. சக்கரம் உருண்டால் விளக்கு எரியும், நீ அதைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை. லேசான சக்கரத்தில் அதை விட்டுவிடலாம், எடை நன்றாகக் குறையும். ஆனால் டைனமோ இல்லாத சக்கரம் இருட்டுவதற்குள் வீடு திரும்புகிறவர்களுக்கானது. பேட்டரி விளக்கு மாட்டிக்கொள்வேன் என்பாய். சார்ஜ் போட மறக்கிறவள் நீ. என்னைக் கேட்டால் அவை விளக்கே அல்ல, பொம்மை. நான் இதுவரை ஒன்றுகூட வாங்கியதில்லை, வாங்கவும் மாட்டேன்.

போன ஜூலையில் பிரான்சில், வோஜ் மலையில் நடந்ததை எடுக்கக்கூடாது என்றிருந்தேன். "லேசானதாக" என்ற சொல்லைப் பார்த்ததும் வந்துவிட்டது. கணவாய் அடிவாரத்தில் உன் நாலு பைகளையும் கழற்றிப் புல்லில் வைத்தாய். "இதோ வந்துடறேன்" என்று ஏறிப் போய்விட்டாய். எட்டுப் பைகளோடு சாலையோரம் இரண்டு மணி நேரம் நின்றேன். ஒரு அம்மாள் காரை நிறுத்தி, சீஸ் இருக்கா, என்ன விலை என்று கேட்டாள். நீ இறங்கி வரும்போது சிரித்துக்கொண்டு வந்தாய். இத்தனை வருடம் உன்னோடு மலையேறியிருக்கிறேன், அந்தச் சிரிப்பை அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் வந்தது நின்றதற்காக இல்லை.

கடையில் கொடுக்காதே. நானே கட்டுகிறேன். எடையை மட்டும் சொல்.

பெரெண்ட்


டெவென்டர்
27 ஜனவரி 2019

அன்புள்ள பெரெண்ட்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நீயே கட்டுகிறேன் என்பதற்கு நன்றி. மறுக்க நினைத்தேன், ஆனால் உன்னைவிட நன்றாக யாரும் கட்டப்போவதில்லை.

ஒன்றை மட்டும் சரிசெய்துகொள். நான் இரண்டாவது ஜோடி என்று எழுதினேன். நீ புது ஜோடி என்று படித்திருக்கிறாய். இரண்டாவது என்றால் முதலாவது ஆணியில் மாட்டி இருக்கிறது என்று பொருள்.

டைனமோ வேண்டாம். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வர எனக்குத் தெரியும். வர முடியாத நாளுக்காகப் பேட்டரி விளக்கு ஒன்று வாங்கிச் சமையலறை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். மாதம் ஒரு தடவை சார்ஜ் போடுவேன். சிரிக்காதே.

எடை. என் எடை அறுபத்துமூன்று, அதில் மர்மமில்லை. மூட்டையின் எடைதான் தெரியவில்லை. ஜூலையில் நாம் சேர்ந்து போனால் பழைய சக்கரம், கூடாரம், நாலு பை, எல்லாம் வழக்கப்படி. லேசான ஜோடி ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மட்டும், அது என் ஒருத்தியைத் தாங்கினால் போதும். நீ வரவில்லையென்றால் எனக்குக் கூடாரம் தேவையில்லை. லேசான சக்கரத்தோடு கிளம்பி விடுதிகளில் தங்கிக்கொள்வேன், அப்போது அது ஒரு பையையும் தாங்க வேண்டும். ஆகவே எண் என்னிடம் இல்லை, உன்னிடம் இருக்கிறது. விடுப்பு எத்தனை வாரம், எப்போது என்று மார்ச் முடிவதற்குள் அலுவலகத்தில் சொல்லியாக வேண்டும். சேர்ந்து போகிறோமா இல்லையா என்பதை அதற்குள் எழுது.

வோஜ் மலை. சிரித்தது உண்மைதான், அதற்கு வருத்தம் தெரிவிக்க முடியாது. மேலே ஒன்றுமே இல்லை. ஒரு பெயர்ப்பலகை, பூட்டிய காபிக் கடை, காற்று. ஏறும்போது என் மூச்சு எனக்குக் கேட்டது. பின்னாலிருந்து யாரும் "மார்லேன், கியரைக் குறை" என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

ரோஸா உட்ரெக்ட்டிலிருந்து அழுக்குத் துணி மூட்டையோடு வந்திருந்தாள். நான் உறையில் தபால்தலை ஒட்டுவதைப் பார்த்துவிட்டாள்.

"அப்பாவுக்கா? நெஜமாவே லெட்டர் எழுதிக்கிறீங்களா?"

"ஆமாம்."

"எதப் பத்தி?"

"சக்கரத்தப் பத்தி."

"அம்மா, இதுக்கு வக்கீல் வெச்சுச் சண்டை போடறதே தேவலாம்மா."

பிறகு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். உன் மகள், உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

மார்லேன்


டெர்முன்டென்
9 பிப்ரவரி 2019

அன்பு மார்லேன்,

சமையலறை மேஜை முழுக்கக் கம்பியும் நட்டுமாகக் கிடக்கிறது. அப்பா இருந்திருந்தால் சாப்பிட இடம் எங்கே என்று கேட்டிருப்பார். நான் நின்றுகொண்டே சாப்பிட்டுவிடுகிறேன்.

ரிம்மும் ஹப்பும் வந்துவிட்டன. முன்சக்கரம் முடிந்தது, டைனமோ இல்லாமல், நீ சொன்னபடி. கையில் எடுத்தால் எடுத்ததே தெரியவில்லை. பின்சக்கரத்தை நேற்றுப் பின்னினேன். இன்று கோட்டம் எடுக்கிறேன். ஒவ்வொரு கம்பியாகத் தட்டி ஓசை பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஹார்ம் முட்டை கொடுக்க வந்தார்.

"என்ன வாத்தியாரே, கிட்டார் கத்துக்கிறீங்களா?"

"பொண்டாட்டிக்குச் சக்கரம் கட்டறேன்."

"விட்டுட்டுப் போன பொண்டாட்டிக்கா?"

"விட்டுட்டு வந்தது நான்."

"அப்போ உருண்டு போகவேண்டியது நீங்கதானே?" என்றார். முட்டையை வைத்துவிட்டுப் போனார். எழுபத்தாறு வயது, வாய்க்கு மட்டும் வயதாகவில்லை.

எடையைப் பற்றி நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். எண் என்னிடம் இருப்பதாகச் சொல்கிறாய். பள்ளிக்கூடத்தில் பையன்கள் இப்படி எழுதினால் சிவப்புக் கோடு போடுவேன். எண் வராததால், தெரிந்த எண்ணை வைத்துக் கட்டிவிட்டேன். சக்கரம் தாங்கும், கவலைப்படாதே.

ஜூலை பற்றி. மார்ச் இன்னும் வரவில்லையே. பள்ளிக்கூடம் எனக்குக் கொடுத்த ஒரு வருட விடுப்பும் இன்னும் தீரவில்லை. வீட்டை விற்பது பற்றித் தரகரிடம் இன்னும் பேசவில்லை. பேச வேண்டும்.

அடுத்த வாரம் பார்சலில் போடுகிறேன். டயரும் மாட்டியே அனுப்புகிறேன், நீ நேராகச் சைக்கிளில் பொருத்திக் கிளம்ப வேண்டியதுதான்.

பெரெண்ட்


டெவென்டர்
24 பிப்ரவரி 2019

அன்புள்ள பெரெண்ட்,

பார்சல் புதன்கிழமை வந்தது. அழகாக இருக்கின்றன. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து வருவது உனக்குப் பிடிக்காது.

முன்சக்கரம் உட்கார்ந்தது. பின்சக்கரம் உட்காரவில்லை. என் ஃபிரேமின் பின்கவைக்கும் ஹப்புக்கும் நடுவில் இடம் இருக்கிறது, விரல் நகம் போகும். அளவுகோலை வைத்துப் பார்த்தேன். நம்பாமல் அலுவலகத்திலிருந்து நல்ல அளவுக் கருவி ஒன்றைக் கொண்டுவந்தும் பார்த்தேன். என் ஃபிரேமுக்கு நூற்று முப்பத்தைந்து மில்லிமீட்டர் வேண்டும். நீ அனுப்பியது நூற்று முப்பது. திருகி இறுக்கினால் ஃபிரேம் வளைந்து கவ்விக்கொள்ளும் என்பது தெரியும். அப்படிச் செய்யவே கூடாது என்று எனக்குச் சொல்லித்தந்தவனும் நீதான்.

நூற்று முப்பது யாருடைய ஃபிரேம் என்று உனக்கும் தெரியும்.

ஹில்டேயிடம் காட்டினேன். அவள் சக்கரத்தைக் காற்றில் சுழற்றிவிட்டு, கம்பிகளை எண்ணினாள்.

"நல்லா கட்டியிருக்கார். ஆனா இது உங்களுக்கு இல்லைங்க."

"ஏன்?"

"அறுபத்துமூணு கிலோவுக்கு யாராவது இவ்வளவு கம்பி போடுவாங்களா? இது எண்பது கிலோ ஆளுக்குக் கட்டினது."

ஆக, அகலமும் உன்னுடையது, எடையும் உன்னுடையது. இது பிழையா, எனக்குச் சொல்லியனுப்பிய செய்தியா என்று ஹில்டே என் முகத்தைப் பார்த்தாள். நான் பிழை என்றே வைத்துக்கொள்கிறேன். செய்தி என்றால் நேராகவே எழுதியிருக்கலாம், நான் கேட்டுத்தானே இருந்தேன்.

இரண்டையும் அதே பெட்டியில் திருப்பி அனுப்புகிறேன். தூக்கி மூலையில் வைக்காதே. உன் சைக்கிளில் மாட்டு. மாட்டுவதற்கு முன் கேரியரில் இருக்கும் பைகளைக் கழற்றிவிடு. நீ கடைக்கு ரொட்டி வாங்கப் போனாலும் இரண்டு பையோடு போகிறவன். ஒரு நாள் ஒன்றும் இல்லாமல் ஓட்டிப் பார். எப்படி இருந்தது என்று எழுது, அல்லது எழுதாதே. ஜூலைக்குப் பதில் மட்டும் எழுது.

மார்லேன்


டெர்முன்டென்
15 மார்ச் 2019

அன்பு மார்லேன்,

பிழைதான். என் சைக்கிள் சமையலறைச் சுவரில் தொங்குகிறது, கட்டும்போது கை எட்டியதை அளந்துவிட்டேன். உன் ஃபிரேம் அளவு எனக்கு மனப்பாடம் என்று நினைத்துக்கொண்டே என் ஃபிரேமை அளந்திருக்கிறேன். எடையும் அப்படித்தான். தெரிந்த எண் என்று எழுதினேனே, அது எண்பத்திரண்டு, நான் காலையில் ஏறிப் பார்ப்பது. இதைவிட மோசமான தப்பை எந்தப் பையனும் பரீட்சையில் செய்ததில்லை.

பெட்டி திரும்பி வந்ததும் கோபத்தில் ஒரு வாரம் பிரிக்கவே இல்லை. போன ஞாயிறு மழை விட்டதும் மாட்டினேன். பைகளைக் கழற்றினேன். கேரியரையும் கழற்றிவிட்டேன், அதற்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன. கடல் தடுப்புக் கரையில் ஏறி, கடலை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு ஜெர்மன் எல்லை மதகு வரை போனேன். காற்று பின்னாலிருந்து தள்ளியது. செம்மறிகள் விலக நேரமில்லாமல் ஓடின. திரும்பி வரும்போது எதிர்க்காற்று, ஆனாலும் நிற்கத் தோன்றவில்லை. ஹார்ம் வேலியருகே நின்றிருந்தார்.

"என்ன வாத்தியாரே, யாராவது துரத்துறாங்களா?"

"யாரும் துரத்தல."

"அப்போ ஏன் பல்லெல்லாம் தெரியுது?"

வீட்டுக்குள் வந்து சைக்கிளைச் சுவரில் மாட்டினேன். அந்தக் கணவாயில் நீ என்னைப் பார்த்துச் சிரித்ததாகத்தான் எட்டு மாதமாக நினைத்திருந்தேன்.

ஜூலைக்குப் பதிலைக் கடிதத்தில் எழுத வரவில்லை. 23ஆம் தேதி சனிக்கிழமை கிளம்பி டெவென்டர் வருகிறேன், இந்தச் சக்கரத்தில், பை இல்லாமல். நூற்றறுபது கிலோமீட்டர். மதியத்துக்குக் காத்திருக்காதே. இருட்டுவதற்குள் வந்துவிடுவேன்.

பெரெண்ட்


டெவென்டர்
23 மார்ச் 2019, சனிக்கிழமை

அன்புள்ள பெரெண்ட்,

இது தபால்தலை தேவைப்படாத கடிதம். நீ மாடியில் தூங்குகிறாய். கரண்டியைப் பட்டாணி சூப்பிலேயே வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாய். நாம் பேசினால் சண்டைக்குப் போகிறோமா என்று சோதிக்கக்கூட வாய்ப்பில்லை.

இன்று மத்தியானம் முழுக்கத் தென்மேற்குக் காற்று. மரங்களைப் பார்த்ததுமே நீ நேரத்துக்கு வரமாட்டாய் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் பட்டாணியை ஊறவைத்தேன். ஏழு மணி வாக்கில் ஃபோன் அடித்தது.

"இருட்டிடுச்சு," என்றாய். "விளக்கு இல்ல."

"எங்க இருக்க?"

"ஹார்டன்பெர்க் ஸ்டேஷன்ல. இங்க ரெண்டு ரயில் நிக்குது. ஒண்ணு எம்மென் போகுது, வடக்க, வந்த பக்கமே. ஒண்ணு ஸ்வோலெ, உன் பக்கம்."

"சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுக்கணும்."

"எந்த ரயிலுக்குன்னு கேக்க மாட்டியா?"

"சைக்கிள் டிக்கெட் ரெண்டுக்கும் ஒண்ணுதான்."

பின்னால் விசில் கேட்டது. "வெக்கறேன்," என்று வைத்துவிட்டாய். எது கிளம்பியது என்று எனக்குத் தெரியாது. ஏறு, ஸ்வோலெ ரயிலில் ஏறு என்று சொல்லியிருக்கலாம். நான் அப்படிச் சொல்கிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும், டைனமோ வேண்டாம் என்று சொன்னவளும் நான்தான். சூப்பைச் சிறு தீயில் வைத்துவிட்டு, நீ போய்ச் சேர்ந்ததாக டெர்முன்டெனிலிருந்து ஃபோன் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணிக்கு வாசலில் நீ, கையில் சைக்கிள், முழங்கால் வரை சேறு.

"அம்பது கிலோமீட்டர் ஏமாத்திட்டேன்," என்றாய். நல்ல முதல் வாக்கியம். நான் அதை எதிர்பார்க்கவில்லை.

நீ எதையும் கொண்டுவரவில்லை. மாற்றுத் துணி இல்லை, பல் துலக்கவும் ஒன்றும் இல்லை. இது நான் சொல்லிக்கொடுத்ததுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் கையில் ஒன்றும் இல்லாமல் வருகிறவர் தங்க வந்தாரா, பார்த்துவிட்டுப் போக வந்தாரா என்று தெரிவதில்லை. போன அக்டோபரில் நீ நாலு பையோடும் கூடாரத்தோடும் போனபோது அது எனக்குத் தெளிவாக இருந்தது. ஜூலைக்கு வேண்டிய பதில் இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமை நான் விடுப்புச் சொல்லியாக வேண்டும். தனியாகப் போவதென்றால் போவேன், அதில் எனக்குப் பயமில்லை. போக விருப்பமா என்று நீ கேட்டால், இல்லை என்பேன். அதை எழுத இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

காற்று நாளைக்கும் இதே திசைதான், திரும்பிப் போக உனக்கு வசதி. ரயிலில் ஒரு தடவை ஏறியதே போதும் என்று படியேறும்போது முனகினாய். விளக்கில்லாத சக்கரத்தில் இருட்டுவதற்குள் டெர்முன்டென் போய்ச் சேர வேண்டுமென்றால் காலை பத்து மணிக்குள் கிளம்பியாக வேண்டும். கிளம்பினால் இந்தக் கடிதத்தை உன் சட்டைப் பின்பையில் வைத்துவிடுவேன்.

மார்லேன்


24 மார்ச், ஞாயிறு

நேற்று எழுதியதன் கீழேயே எழுதுகிறேன். நடந்தது நடந்தபடி இருக்கட்டும்.

எட்டரைக்கு இறங்கி வந்தாய். என் பழைய ஸ்வெட்டரைப் போட்டிருந்தாய், கை முழங்கைவரைதான் வந்தது. சாக்லேட் தூவிய ரொட்டி நாலு சாப்பிட்டாய். பிறகு நடையில் நின்ற சைக்கிளின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாய். ஜன்னல் வழியே மரத்தைப் பார்த்தாய். நான் செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தேன், எந்தப் பக்கம் என்று நினைவில்லை.

பிப்ரவரியில் கழற்றி ஆணியில் மாட்டியபடியே இருந்த என் பழைய சக்கரத்தைச் சுழற்றிவிட்டாய். அது வெகுநேரம் சுற்றியது.

"ஹார்ம்கிட்ட சாவி இருக்கு," என்றாய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே. "கூடாரத்தப் பார்சல்ல போடச் சொன்னா போடுவார்."

நான் "ம்" என்றேன்.

"பாதி என் பையில, பாதி உன் பையில. முழுசும் நானே தூக்கணும்னு இல்ல."

"கம்பெல்லாம் நீ எடுத்துக்கோ," என்றேன். "கம்புதான் கனம்."

தேவாலய மணி பத்து அடித்தது. இருவருக்கும் கேட்டது. நீ மேஜைக்கு வந்து உட்கார்ந்தாய்.

"இன்னொரு காபி இருக்கா?"

"இருக்கு."

"ஹில்டே கடை நாளைக்கு உண்டா? உன் ஃபிரேம அளந்து, ஒரு ஹப் சொல்லணும்."

"திங்கள்ல கிடையாது. செவ்வாய்தான் திறப்பா."

"சரி," என்றாய்.

பேட்டரி விளக்கு உன் முழங்காலுக்கு நேரே இழுப்பறையில், முழுதாகச் சார்ஜ் ஆகிக் கிடந்தது. நான் எடுத்துத் தரவில்லை. அது அங்கே இருப்பது உனக்குத் தெரியும், ஜனவரியில் எழுதியிருந்தேன். நீயும் கேட்கவில்லை. நான் காபி போட எழுந்தேன்.